லாடெக் பழகுகிறவர்களுக்கு: இந்த முறை வந்த கேள்விகள்

கேள்வி: லாடெக் தொடங்க என்னென்ன நிறுவ வேண்டும்?

லாடெக் என்பது கட்டளைகளோடு அடித்த உரையை ஓட்டி, அச்சமைத்த பிடிஎஃபாக எடுக்கும் மென்பொருள். முதல் வாரம் எதையும் நிறுவாதீர்கள். உலாவியிலேயே லாடெக் ஓட்டும் ஓவர்லீஃப் தளத்தில் கணக்கு தொடங்கி இரண்டு பக்கம் அடித்துப் பாருங்கள். ஒத்துவந்தால் அப்புறம் உங்கள் கணினியில் நிறுவும் லாடெக் தொகுப்பான டெக் லைவ். முழுசாகப் போட ஏழெட்டு ஜிபி இடம் வேண்டும்.

கேள்வி: தமிழில் அடித்தால் பிழை பிழையாக வருகிறதே?

லாடெக்கை ஓட்டும் நிரல்களில் பழையதான பிடிஎஃப்லாடெக்கில் ஓட்டுகிறீர்கள். யூனிகோடு தெரிந்த ஸீலாடெக் நிரலுக்கு மாற்றி, எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க உதவும் ஃபான்ட்ஸ்பெக் தொகுப்பைச் சேர்த்து, நோட்டோ செரிஃப் தமிழை முதன்மை எழுத்துருவாகக் கொடுங்கள். எழுத்துரு கொடுக்கும் வரியில் Script=Tamil என்பதை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: லாடெக் வேலை செய்யவில்லை, உடனே உதவவும்.

எது வேலை செய்யவில்லை? பிழைச் செய்தியும் இல்லை, கோப்பும் இல்லை, நான் எதைப் பார்த்துச் சொல்வது? ஓட்டும்போது லாடெக் எழுதிவைக்கும் லாக் கோப்பில் ஆச்சரியக்குறியோடு தொடங்கும் முதல் வரியைத் தேடுங்கள், அதையொட்டி வரி எண் இருக்கும். முதல் பிழையை மட்டும் திருத்துங்கள். பின்னால் வரும் நாற்பதில் பாதி அதோடு போய்விடும்.

கேள்வி: ஆய்வேடு 200 பக்கம் பாமினியில் இருக்கிறது. அதே எழுத்துருவை லாடெக்கில் போடலாமா?

போடாதீர்கள். பாமினி, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் போர்த்திய பழைய எழுத்துரு. அதில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்புக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி, அவ்வளவுதான். திரையில் தமிழாகத் தெரிகிறதே தவிர அது தமிழ் இல்லை. பிடிஎஃபில் ஒரு சொல்லைத் தேட முடியாது, நகலெடுத்து ஒட்டினால் ஆங்கிலக் குப்பை, பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அதைத் தமிழாகப் படிக்கவே படிக்காது. ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடைத் தமிழக அரசே 2010இல் தரமாக ஏற்றாயிற்று. இன்னமும் பல்கலைக்கழகங்களில் பாமினியில் கொடு என்று கேட்கிறார்கள், பிள்ளைகளும் பல வருட உழைப்பை யாரும் தேடிப் படிக்க முடியாத கோப்பில் புதைத்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு ஆறவே ஆறாத விஷயம் இது. எழுத்துருமாற்றி மென்பொருள் ஒன்றை வைத்து யூனிகோடுக்குக் கொண்டுவாருங்கள். ஆனால் மொத்தக் கோப்பையும் ஒரே வீச்சில் போட்டால் நடுவே உள்ள ஆங்கில மேற்கோள்களையும் பாமினி என்று நினைத்துத் தமிழாக்கிவிடும், அதனால் அத்தியாயம் அத்தியாயமாக, ஆங்கிலத்தை ஒதுக்கிவிட்டுச் செய்யுங்கள். மூலக் கோப்பைத் தொடாதீர்கள், நகலில் செய்யுங்கள்.

கேள்வி: பொருளடக்கம் காலியாக இருக்கிறது, படத்து எண்கள் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கேள்விக்குறி.

இன்னொரு முறை ஓட்டுங்கள். முதல் ஓட்டத்தில் குறித்துக்கொண்டதை அடுத்த ஓட்டத்தில்தான் லாடெக் நிரப்பும்.

கேள்வி: நான் வைத்த இடத்தில் படம் நிற்காமல் அடுத்த பக்கம் போகிறது.

போகட்டும். 'கீழே உள்ள படம்' என்று எழுதாமல் படத்துக்கு \label கட்டளையில் ஒரு பெயர் கொடுத்து, உரையில் \ref கட்டளையால் 'படம் 3' என்று சுட்டுங்கள். இடம் சரிசெய்வதெல்லாம் எழுதி முடித்த பிறகு. அப்போதும் நகலில்தான்.