ஜாஸும் ராக்கும்: பட்டர்வொர்த் அம்மாவுக்கு ஒரு பதில்

அன்புள்ள அம்மா,

சனிக்கிழமை மகனோடு வந்திருந்தீர்கள். "பேஸ் கிட்டார்தான் என் வேலை என்கிறான். இன்றைக்கு ஜாஸ், நாளைக்கு ராக். எதிலாவது ஒன்றில் நிற்கிறானா?" என்று கேட்டீர்கள். அன்று நேரம் போதவில்லை.

இரண்டிலும் கால் வைப்பதைத் தடுமாற்றம் என்று எண்ணாதீர்கள். இந்தத் தொழிலில் அதுதான் சோறு போடும். கிட்டார் பழகும் பிள்ளைகள் ஏராளம். கீழ் ஸ்வரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டாரை எடுப்பவர்கள் குறைவு. அதனால் பினாங்கில் பத்து ஃபெரிங்கி என்ற கடற்கரைப் பகுதியின் ஹோட்டலில் ஜாஸ் வாசித்தவரையே மறுநாள் கல்யாண விருந்தில் திரைப்பாட்டுக்கும் கூப்பிடுவார்கள். கிரீம் என்ற பிரிட்டிஷ் குழுவில் பேஸ் கிட்டாரில் ராக் வாசித்துப் பேர் வாங்கிய ஜாக் புரூஸ் இசைக்கல்லூரியில் கற்றது செல்லோ. பிறகு ஜாஸ் குழுக்களில் உழைத்துவிட்டுத்தான் ராக்குக்கு வந்தார்.

நீங்கள் வெளியே காத்திருந்தபோது தம்பிக்கு ஒரு சோதனை வைத்தேன். ராக் பாட்டொன்றை ஒருமுறை கேட்டதும் பிசகாமல் வாசித்துவிட்டான். அடுத்து பன்னிரண்டு பார், அதாவது பன்னிரண்டு தாளச் சுற்று, கொண்ட புளூஸ் பாட்டின் இசைக்குறிப்புத் தாளை நீட்டினேன். ஜாஸ் முறையில் பாருக்கு நான்கு ஸ்வரமாக, நடப்பதுபோல் சீராக வாசித்துக்கொண்டே போகவேண்டும். முதல் நான்கு பாருக்கு ஒரே கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு), ஐந்தாவதில் மாறுகிறது. அங்கே நின்றுவிட்டான். காது இருக்கிறது, தாளைப் படிக்கக் கண் பழகவில்லை. ஒத்திகையே இல்லாமல் மேடையேறும் வேலைகளில் தாள்தான் கைகொடுக்கும்.

ஆகவே எஸ்.பி.எம். என்ற ஐந்தாம் படிவத் தேர்வை எழுதி முடித்து முடிவு வரும்வரை உள்ள மாதங்களை இதற்கே கொடுங்கள். டிரினிட்டி, ராக்ஸ்கூல் நடத்தும் இசைத் தேர்வுகளில் பேஸுக்கென்றே எட்டு நிலைகள் உண்டு. கோலாலம்பூரில் யூ.சி.எஸ்.ஐ. பல்கலைக்கழகத்தில் தற்கால இசைக்குப் பட்டப்படிப்பே இருக்கிறது. ஆனால் எஸ்.பி.எம்.மைக் கோட்டைவிட்டால் அந்தக் கதவு திறக்காது. இதை அவனிடம் கண்டிப்பாகவே சொல்லிவிட்டேன்.

வருமானத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன்: ஒரே சீராக இராது. நோன்பு மாதத்தில் மேடைகள் குறையும். வாரத்தில் சில மாணவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது அப்போது தாங்கும். சம்பளச் சீட்டு இல்லாதவர்களும் ஊழியர் சேம நிதியில் தாமாகவே பணம் போடலாம்; சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவிலும் சுயதொழில் செய்வோருக்குத் திட்டம் உண்டு. முதல் சம்பாத்தியத்திலேயே இரண்டையும் தொடங்கச் சொல்லுங்கள்.

புது பேஸ் கேட்கிறானாமே, இப்போதைக்கு வேண்டாம். இருப்பதில் தந்தி மாற்றினால் போதும். அடுத்த முறை அதையே எடுத்துவரட்டும், ஐந்தாவது பாரிலிருந்து தொடங்குவோம்.