சிக்னலில் எல்.இ.டி. – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

ரயில் சிக்னல்கள் இப்போதெல்லாம் பட்டப்பகலிலும் பளிச்சென்று தெரிகின்றன. எல்லாம் எல்.இ.டி. என்றார் நண்பர். கரண்ட் பில்லை மிச்சம் பிடிக்கத்தானே இந்த மாற்றம்? அப்புறம் ஒரு சந்தேகம். எங்கள் வீட்டு எல்.இ.டி. விளக்கு பாதி எரிந்து பாதி அணைந்து உயிரை வாங்குகிறது. சிக்னலில் அப்படி ஆனால்?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

மிச்சம் உண்டுதான். ஆனால் நம் ரயில்வேயின் பழைய சிக்னல் பல்பே 12 வோல்ட், 24 வாட். வீட்டு டியூப்லைட்டைவிடக் குறைவு. அதற்காக மட்டும் யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

தொல்லை, பல்பு ஃப்யூஸ் ஆவதில் இருந்தது. பெரும்பாலான பாதைகளில் வண்டி வராத நேரமெல்லாம் எரிவது சிவப்புதான். ஆகவே சீக்கிரம் போவதும் அதுதான். எது அணையவே கூடாதோ அது முதலில் அணையும்! இதற்காகவே ஒரே பல்புக்குள் இரண்டு ஃபிலமென்ட் (எரிந்து ஒளிதரும் மெல்லிய இழை) வைத்தார்கள். மெயின் போனால் துணை எரியும். அதுவும் போவதற்குள் ஆள் கம்பத்தில் ஏறி மாற்றிவிட வேண்டும், மழையானாலும் நடுராத்திரியானாலும்.

நீங்கள் கண்ட பளிச்சுக்குக் காரணம், எல்.இ.டி.யின் நிறம் அதற்கே உரியது என்பது. பழைய சிக்னலில் வண்ணக் கண்ணாடியே பெரும்பங்கு வெளிச்சத்தை விழுங்கிவிடும். போதாததற்கு, சாய்வெயில் அந்தக் கண்ணாடியில் பட்டால் அணைந்த விளக்கும் எரிவதுபோலத் தோன்றும். சிவப்பு எல்.இ.டி. 1962-லேயே வந்துவிட்டாலும், நல்ல வெளிச்சம் தரும் பச்சைக்கு 1990-களின் நடுப்பகுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. பச்சை இல்லாமல் சிக்னல் ஏது?

உங்கள் இரண்டாவது கேள்விதான் சரியான கேள்வி. சிக்னலுக்குப் போகும் மின்சாரம் ஒரு ரிலே வழியாகப் போகிறது. மின்னோட்டம் இருக்கும்வரை பிடித்துக்கொண்டு, நின்றால் தானே விழுந்துவிடும் ஸ்விட்ச் அது. பல்பு போனால் மின்னோட்டம் நிற்கும், ரிலே விழும், ஸ்டேஷன் மாஸ்டரின் பேனலில் தெரிந்துவிடும். வண்டிகள் கடக்கக் கடக்க சிக்னல்கள் தாமாகவே மாறும் தானியங்கி சிக்னல் பாதையில், சிவப்பு அணைந்தால் அதற்கு முந்தைய சிக்னலும் சிவப்பிலேயே நின்றுவிடும். பல்பு செத்தால் முழுசாகச் செத்துவிடும் என்ற நம்பிக்கையில் அமைத்த ஏற்பாடு இது. பல சிறு ஒளிப்புள்ளிகள் சேர்ந்த எல்.இ.டி. சிக்னல் அப்படிச் சாகாது. நிறைய புள்ளிகள் அணைந்த பிறகும் மின்சாரத்தை இழுத்துக்கொண்டிருந்தால், ரிலே ‘எல்லாம் சரி’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும். அதனால் குறிப்பிட்ட அளவுக்கு மேல் புள்ளிகள் போனால், மிச்சத்தையும் அணைத்து ரிலேவை விழவைக்கும்படி அந்த யூனிட்டை வடிவமைக்கிறார்கள். வேண்டுமென்றே முழு இருட்டு. இருண்ட சிக்னலைக் கண்டால் லோகோ பைலட் (ரயில் ஓட்டுநர்) அதை அந்த சிக்னல் காட்டக்கூடியவற்றில் ஆகக் கடுமையான உத்தரவாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. தலைக்கு மேல் 25,000 வோல்ட் கம்பி ஓடும் பாதையில், பக்கத்துக் கேபிளில் கொஞ்சம் மின்னழுத்தம் தானாகவே தூண்டப்படும். பல்பு அதைச் சட்டை செய்யாது. கொஞ்சம் மின்சாரமே போதும் என்கிற எல்.இ.டி. மினுக்கிவிடக்கூடும். ஆகவே ஓரளவு வோல்ட்டேஜுக்குக் கீழே எரியவே கூடாது என்றும் அதற்குக் கட்டுப்பாடு வைக்கிறார்கள்.

பல்புக்கு ஒரு நல்ல குணம் இருந்தது: சூடு. குளிர்நாடுகளில் முகப்பில் ஒட்டும் பனியை அந்தச் சூடு உருக்கிவிடும். எல்.இ.டி.யில் பனி அப்படியே அப்பிக்கொள்கிறது. அங்கே சிக்னலுக்குத் தனியாக ஹீட்டர் வைக்க வேண்டியிருக்கிறது. மிச்சம் பிடித்த கரண்ட்டில் கொஞ்சம் அப்படிப் போகிறது.