புட்டிக்குள் வெட்டிவேர்

அன்புள்ள ஐயா,

ஆண்களுக்கான செண்டுகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, ‘வெட்டிவேர்’ என்று பெயர் போட்ட வெளிநாட்டுப் புட்டி ஒன்றை வாங்கினேன். கோடையில் பானைத் தண்ணீரில் வருமே, அந்த வாசம்தான் எனக்கு வேண்டியிருந்தது. அடித்தவுடன் எலுமிச்சையும் மிளகும் மூக்கில் ஏறின. அரை மணி கழித்துப் புகையிலை போல ஒன்று. சாயங்காலம் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, மனைவி மட்டும் “இன்னும் மணக்குது” என்கிறார். ஏமாந்துவிட்டேனா? மனசைக் குளிர்விக்கிற வெட்டிவேர் செண்ட் எது?

ஆர்., தஞ்சாவூர்

அன்புள்ள ஆர்.,

ஏமாறவில்லை. வெட்டிவேர் அந்தப் புட்டியில் இருக்கிறது, கடைசியாகத்தான் வரும். எலுமிச்சை, பெர்கமோட் (எலுமிச்சை இனத்துப் பழம் ஒன்று) எண்ணெய்கள் இலகுவானவை, பத்துப் பதினைந்து நிமிடத்தில் பறந்துவிடும். வெட்டிவேர் எண்ணெய் கனமானது. அதை வடிக்க வேருக்கு 18 மணி நேரம், சில இடங்களில் 24 மணி நேரத்துக்கும் மேல் ஆவி விட வேண்டும். வேரை விட்டு அவ்வளவு தயங்கி வருகிற எண்ணெய் தோலை விட்டும் தயங்கித்தான் போகும். உங்கள் மனைவிக்குச் சாயங்காலம் மணந்தது அதுதான்.

உங்களுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை? மூக்கு பழகிவிட்டது. பூக்கடைக்காரருக்கு மல்லிகை மணப்பதில்லை அல்லவா, அதே கதை. போய்விட்டது என்று நினைத்து மத்தியானம் இன்னும் நாலு தடவை அடிப்பதுதான் பலரும் செய்கிற தவறு. பக்கத்தில் இருப்பவருக்குத் தலைவலி வந்துவிடும். சட்டையைக் கழற்றி வேறு அறையில் மாட்டிவிட்டு, காலையில் எழுந்ததும் முகர்ந்து பாருங்கள். இருக்கிறதா இல்லையா என்பது அப்போது தெரியும்.

பிரெஞ்சுக்காரர்களின் ‘வெத்திவேர்’ நம் சொல்தான், தமிழிலிருந்து போனது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் நமக்கிருக்கிற கோடையும் பானையும் தண்ணீர் தெளித்த தட்டியும் கூடவே போகவில்லை. பிரெஞ்சு செண்ட் கலைஞர் ழான்-பால் கெர்லான் 1959இல் செய்த கெர்லான் வெத்திவேரை முகர்ந்தால் இது விளங்கும். எலுமிச்சை வகைகள், ஜாதிக்காய், மிளகு, புகையிலை, அடியில் வேர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் அதிகம் பேசாத மனிதரும்தான் எனக்கு நினைவில் எழும். லாலிக் நிறுவனத்தின் ஆன்க்ர் நுவார் (2006, செய்தவர் நத்தாலி லோர்சோன்) நேர் எதிர்: வெயில் எட்டாத ஈரக் காடு, கொஞ்சம் துக்கம். மழைநாள் சாயங்காலத்துக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் சொல்லமாட்டேன், சித்திரை வெயிலுக்கு வேண்டாம். அதே ஆண்டு எர்மெஸ் நிறுவனத்துக்காக ழான்-கிளோத் எலெனா செய்த டெர் டெர்மெஸ், ஆரஞ்சுத் தோலை வெயிலில் காய்ந்த கல்லின் மேல் பிழிந்தது போல இருக்கும். மூன்றிலும் வெட்டிவேர் உண்டு, மூன்றும் மனசை மூன்று இடத்துக்குக் கொண்டுபோகின்றன.

எந்த வாசம் எதோடு சேர்ந்து நமக்குள் போனதோ அந்த உணர்வைத்தான் அது எழுப்பும். லாவெண்டரும் கூமரினும் (காய்ந்த புல் வாசம் தரும் பொருள்) சேர்ந்த கலவை 1882இல் ஊபிகான் நிறுவனத்தின் ஃபூஜேர் ரொயால் என்ற செண்டில் வந்து, பிறகு ஷேவிங் சோப்பு, லோஷன் என்று பரவியது. இன்று அதை முகர்கிறவருக்கு சலூன் நாற்காலியும் புதிதாய்ச் சிரைத்த கன்னமும் நினைவுக்கு வரும். கலவையில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். நாட்டு மருந்துக் கடையில் வெட்டிவேர் ஐம்பது கிராம் வாங்குங்கள். ஒரு கைப்பிடியை மண் போக மூன்று தண்ணீரில் அலசி, பானையில் போட்டு இரவு முழுக்க விடுங்கள். இன்னொரு கைப்பிடி காய்ந்தபடியே இருக்கட்டும். காலையில் ஒரு காகிதத் துண்டில் செண்டை ஒரு தடவை அடித்து, மூன்று மணி நேரம் கழித்து மூன்றையும் மாற்றி மாற்றி முகருங்கள். காய்ந்த வேரில் மரத்தூளும் லேசான கசப்பும் இருக்கும். நனைந்த வேரில் ஈர மண். காகிதத்தில் இருப்பது காய்ந்த வேருக்கு நெருக்கம். உங்களுக்குக் குறைந்தது ஈரம்.

அந்த ஈரம் கிட்டத்தட்டக் கிடைக்கிற இடம் உத்தரப் பிரதேசத்தின் அத்தர் ஊரான கன்னௌஜ். அங்கே செம்புப் பாத்திரத்தில் வடிக்கும் ரூ கஸ் என்ற வெட்டிவேர் எண்ணெய் பச்சை சாயலோடு வரும், ஆல்கஹால் கிடையாது. கண்ணாடிக் குச்சியால் நெஞ்சில் ஒரு தொடுகை போதும். தோலை ஒட்டியே நிற்கும், அறையெல்லாம் பரவாது. பத்து நிமிடம் கழித்து மேலே சாதாரண எலுமிச்சைக் கொலோன் ஒரு தடவை அடித்தால் நீங்கள் கேட்ட குளிர்ச்சி வந்துவிடும். 10 மில்லி நூறு ரூபாய் என்று யாராவது விற்றால் அது வேரிலிருந்து வந்ததல்ல.

கையில் இருக்கும் புட்டியை வீணாக்க வேண்டாம். குளித்துத் துவட்டியதும், தோல் வறண்டிருந்தால் வாசமில்லாத வாஸ்லைன் துளி தடவி, ஒரு சாண் தூரத்திலிருந்து இரண்டு தடவை, நெஞ்சிலும் முழங்கை மடிப்பிலும். மணிக்கட்டைத் தேய்க்காதீர்கள், சூடேறி முதலில் எழும் வாசம் சீக்கிரம் போய்விடும். கடையில் முகரும்போது ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். மூக்கைத் தெளியவைக்க என்று அங்கே நீட்டுகிற காப்பிக்கொட்டையால் பெரிய பலன் இல்லை, வெளியே வந்து கொஞ்சம் காற்று வாங்கினால் போதும். புட்டியை அட்டைப்பெட்டியோடு பீரோவுக்குள் வையுங்கள். குளியலறையிலோ காரிலோ வைத்தால் முதலில் கெடுவது எலுமிச்சைதான், அடித்தவுடன் ஒரு புளித்த வாடை வரும். வெள்ளை வேட்டியில் அடிக்கும் முன் உள்மடிப்பில் ஒரு துளி விட்டுக் காயவைத்துப் பாருங்கள். வெட்டிவேர் எண்ணெய் அதிகம் உள்ள செண்ட் என்றால் பழுப்புக் கறை விழக்கூடும்.