கொடைக்கானல் ஏரியில் வலசைப் பறவைகளைப் பார்க்க எந்த மாதம் ஏற்றது?

டிசம்பர் முதல் மார்ச் வரை வாருங்கள். பறவைகள் செப்டம்பரிலேயே வரத் தொடங்கிவிடும். ஆனால் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையும் மூடுபனியும் கண்ணை மறைக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வேடந்தாங்கலைப் போலக் கூட்டம் கூட்டமாக நீர்ப்பறவைகளை இங்கே எதிர்பார்க்காதீர்கள். இது 1863இல் உருவாக்கப்பட்ட மலை ஏரி. இங்கே தண்ணீரைவிடக் கரைதான் முக்கியம்.

இமயமலைப் பக்கத்திலிருந்து வரும் சாம்பல் வாலாட்டியைத் தேடுங்கள். முதுகு சாம்பல், வாலடி பளிச்சென்ற மஞ்சள். ஈரக் கற்களின் மேல் ஓடி ஓடிப் பூச்சி பிடிக்கும். நிற்கும்போதும் அந்த நீண்ட வால் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. கரையோர மரங்களில் கதிர்க்குருவிகள் இலைக்கு இலை தாவும். அவற்றைக் கண்ணால் பிடிப்பது கடினம், குரலைப் பழகிக்கொள்ளுங்கள்.

படகுகள் கிளம்புவதற்கு முன், விடிந்ததும் நடந்துவிடுங்கள். கொடைக்கானலை அடுத்த காட்டுக்குள் இருக்கும் பேரிஜம் ஏரிக்கும் போக நினைத்தால், வனத்துறை அனுமதி வேண்டும். எங்கே போனாலும், அலைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அவற்றை அழைக்காதீர்கள். இரை தேடும் நேரம் அவற்றுக்கு வீணாகும்.