டவர் ஸ்பீக்கர்களை ஒப்பிடுவது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கேஇஎஃப் க்யூ750, க்ளிப்ஷ் ஆர்பி-8000எஃப் ஆகிய இரண்டு டவர் ஸ்பீக்கர்களில் (தரையில் நிற்கும் உயரமான ஸ்பீக்கர்களில்) ஒன்றை வாங்க எண்ணியிருக்கிறேன். முதலாவதன் உணர்திறன் 88 டெசிபல் என்றும் இரண்டாவதன் உணர்திறன் 98 டெசிபல் என்றும் குறிப்பேட்டில் இருக்கிறது. பத்து டெசிபல் கூடுதலாக உள்ளதையே தேர்ந்தெடுக்கலாமா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: உணர்திறன் ஒரு ஸ்பீக்கரின் தரத்தைச் சொல்லும் எண் அன்று. ஸ்பீக்கரின் முனைகளில் 2.83 வோல்ட் கொடுத்து, ஒரு மீட்டர் தொலைவில் மைக் வைத்து அளந்தால் ஒலி எவ்வளவு வருகிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. ஸ்பீக்கரின் மின்தடையைச் சொல்வது ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அந்த 2.83 வோல்ட் ஒரு வாட். 4 ஓம் ஸ்பீக்கருக்கோ அதுவே இரண்டு வாட். ஆகையால் 4 ஓம் ஸ்பீக்கர் ஒன்று 3 டெசிபல் முன்னால் நிற்பதாகக் குறிப்பேட்டில் தெரிந்தால், ஆம்ப்ளிஃபயரிடமிருந்து இரண்டு மடங்கு வாட் வாங்கிக்கொண்டுதான் அது முன்னால் நிற்கிறது. எண்ணைப் பார்க்கும்போது பக்கத்தில் உள்ள ஓம் கணக்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பத்து டெசிபல் வித்தியாசம் என்றால் பத்து மடங்கு வாட். எண்களை அப்படியே எடுத்துக்கொண்டால், க்ளிப்ஷ் 5 வாட்டில் தரும் ஒலியளவுக்கு கேஇஎஃப் 50 வாட் கேட்கும். ஆனால் க்ளிப்ஷ் வெளியிடும் உணர்திறன் எண்ணில் அறையின் சுவர்கள் தரும் கூடுதல் ஒலியும் கலந்திருக்கிறது. வெளியார் செய்யும் அளவீடுகளில் அந்நிறுவனத்தின் ஸ்பீக்கர்கள் சில டெசிபல் குறைவாகவே வருகின்றன. எஞ்சுவது ஐந்து டெசிபல்தான் என்று வைத்துக்கொண்டாலும் அது மூன்று மடங்கு வாட். குறைந்த திறனுள்ள வால்வு ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவருக்கு அது பெரிய உதவி. 60 அல்லது 80 வாட் தரும் சாதாரண ஆம்ப்ளிஃபயரை வைத்து, மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்து கேட்பவருக்கு அந்த உதவி தேவைப்படுவதில்லை. வீட்டில் இயல்பாகக் கேட்கும் ஒலியளவில் 88 டெசிபல் ஸ்பீக்கர் பெரும்பாலான நேரம் ஓரிரு வாட்டில்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

இவ்விரண்டுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு கட்டமைப்பில் இருக்கிறது. க்ளிப்ஷில், உயர் சுரங்களுக்கான சிறு ஒலிப்பான் ஆகிய ட்வீட்டர், ஹார்ன் எனும் புனல் போன்ற அமைப்புக்குள் அமர்ந்து அவற்றை முன்னோக்கிக் குவித்து அனுப்புகிறது; அதற்குக் கீழே, தாழ்ந்த சுரங்களுக்கான 8 அங்குல வூஃபர்கள் இரண்டு. கேஇஎஃப் 1988-இல் அறிமுகப்படுத்திய யூனி-க்யூ அமைப்பிலோ, 6.5 அங்குலக் கூம்பின் நட்டநடுவிலேயே ட்வீட்டர் பொருத்தப்பட்டிருக்கிறது. க்யூ750-இல் அதற்குத் துணையாக ஒரு வூஃபரும், காந்தமும் சுருளும் இல்லாமல் உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தத்தாலேயே அசையும் இரண்டு கூம்புகளும் உண்டு. நம் வீடுகளைப் பொறுத்தவரை இதில் கவனிக்க வேண்டிய ஒன்று, சோபாவில் இருவர் அமர, மற்றவர்கள் தரையில் உட்கார்ந்து கேட்கும் வழக்கம். ட்வீட்டர் மேலேயும் வூஃபர் கீழேயும் தனித்தனியாக உள்ள ஸ்பீக்கரில், காது ட்வீட்டரின் மட்டத்திலிருந்து இறங்க இறங்க, இரண்டும் கைமாற்றிக்கொள்ளும் அதிர்வெண்ணை ஒட்டி ஒலி வற்றுகிறது. குரலின் ஒரு பகுதி அந்த இடத்தில்தான் இருக்கிறது என்பதால் பாடுபவர் சற்று உள்ளே தள்ளி நிற்பதுபோலத் தோன்றும். இரண்டும் ஒரே மையத்திலிருந்து வரும்போது இந்தக் குறை பெருமளவு தவிர்க்கப்படுகிறது.

எனவே கச்சேரியும் பழைய திரைப்பாடல்களும் கேட்கும், பலர் பல உயரத்தில் உட்காரும் வீட்டுக்கு நான் கேஇஎஃபையே சொல்வேன். பெரிய கூடத்தில், உரத்த ஒலியில் திரைப்படம் பார்ப்பதுதான் முதல் நோக்கம் என்றால் க்ளிப்ஷ் அதை எளிதாகச் செய்யும். ஹார்னின் குறுகிய பரவல், பக்கச் சுவர்கள் வெறுமையாக இருக்கும் கூடத்தில் எதிரொலியைக் குறைக்கவும் உதவும்.

கேள்வி: எங்கள் கூடம் 11 அடி அகலம், 15 அடி நீளம், 10 அடி உயரம், தரை முழுவதும் விட்ரிஃபைட் டைல்ஸ். டாலி ஓபரான் 5 போதுமா, ஓபரான் 7 வேண்டுமா? கடைக்காரர் பெரியதையே எடுக்கச் சொல்கிறார். (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: ஓபரான் 5-இல் இரண்டு 5.25 அங்குல வூஃபர்கள்; ஓபரான் 7-இல் இரண்டு 7 அங்குல வூஃபர்கள். குணத்தில் இரண்டும் ஒரே குடும்பம். பெரியது இன்னும் சற்றுக் கீழே இறங்கும், இன்னும் உரக்கப் பாடும். அந்தக் கூடுதல் பாஸை, அதாவது தாழ்ந்த ஒலியை, உங்கள் கூடம் தாங்குமா என்பதை வாங்குவதற்கு முன்பே, ஒரு வகுத்தல் கணக்கில் தெரிந்துகொள்ளலாம்.

நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் செல்கிறது. இரண்டு சுவர்களுக்கு இடையே அரை அலை சரியாகப் பொருந்தும் அதிர்வெண்ணில் அறையே சேர்ந்து முழங்கும். அடிக்கணக்கில் சொன்னால், 570-ஐ அறையின் அளவால் வகுத்தால் போதும். உங்கள் கூடத்தின் நீளத்துக்கு 38 ஹெர்ட்ஸ், அகலத்துக்கு 52, உயரத்துக்கு 57 என்று வருகிறது. கடைசி இரண்டும் பக்கம் பக்கமாக விழுந்திருப்பதைக் கவனியுங்கள். 50 முதல் 60 ஹெர்ட்ஸ் வரை உள்ள எந்த ஒலியையும் உங்கள் கூடம் தானாகவே பெருக்கிக்காட்டும். அந்தப் பகுதியில் பெரிய வூஃபர் இன்னும் தெம்பாக உழைத்தால் ஆழமான பாஸ் கிடைக்காது. எல்லாப் பாட்டுக்கும் அடியில் ஒரே சுரத்தில் ஒரு ‘தொம்’ ஒட்டிக்கொண்டே வரும்.

நீங்கள் பெரும்பாலும் கேட்பது எது என்பதும் முக்கியம். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் பாடகரின் ஆதார ஷட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். அவர் மந்தர ஸ்தாயிப் பஞ்சமத்துக்கு இறங்கினால் 98. மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் பக்கம்), ஷட்ஜத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே என்று கொண்டால், 65 ஹெர்ட்ஸை ஒட்டி ஒலிக்கும். கர்நாடக இசைக்கு 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றுமே இல்லை; ஓபரான் 5 அந்த எல்லைக்குள் எல்லாவற்றையும் தெளிவாகச் சொல்லிவிடும். பேஸ் கிட்டாரின் அடிமட்டத் தந்திகூட 41 ஹெர்ட்ஸ்தான். அதற்கும் கீழே போவன இக்காலத் திரைப்பாடல்களின் மின்னணு பாஸும், படங்களில் வரும் வெடியோசைகளுமே. அவை வேண்டும் என்றால், டவரைப் பெரிதாக்குவதைவிட பாஸுக்கென்றே உள்ள தனிப்பெட்டியான சப்வூஃபர் ஒன்றைப் பின்னர் சேர்ப்பது மேல். முழக்கம் குறைவாக உள்ள இடமாகத் தேடி அதை நகர்த்திப் பார்க்கலாம், டவரை அப்படி நகர்த்த முடியாது.

ஆகவே உங்களுக்கு ஓபரான் 5 என்பதே என் பதில். வைக்கும் முறையில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். பின்சுவரிலிருந்து முடிந்த மட்டும் தள்ளி வையுங்கள், மூலையை அறவே தவிருங்கள். டாலி நிறுவனம் தன் ஸ்பீக்கர்களைக் கேட்பவரை நோக்கித் திருப்பாமல் நேராக வைக்கவே அறிவுறுத்துகிறது. அதன்படி வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு வேண்டுமானால் திருப்புங்கள். நீங்கள் உட்காரும் சோபாவையும் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். சுவரை ஒட்டிய இடத்தில்தான் பாஸ் உச்சத்தில் இருக்கும், இரண்டடி முன்னால் இழுத்தாலே மாற்றம் காதுக்குத் தெரியும். டைல்ஸ் தரையில் ஜமக்காளம் விரிப்பது உயர் சுரங்களின் கூர்மையை மட்டுமே தணிக்கும். முழக்கத்தை அது தொடாது. அதற்குத் தடித்த பஞ்சு மெத்தையும் பெரிய சோபாவும் ஓரளவு உதவும்.

கேள்வி: கடையில் ஒரே பாட்டை மாற்றி மாற்றி இரண்டு ஜோடி ஸ்பீக்கர்களில் போட்டுக் காட்டினார்கள். ஒன்று தெளிவாகவே நன்றாக இருந்தது. அதை நம்பி வாங்கலாமா? (சென்னை வாசகர்)

பதில்: ஒலியளவைச் சமன்செய்துவிட்டு மாற்றினார்களா என்று முதலில் கேளுங்கள். ஒரே வால்யூமில் வைத்து மாற்றினால், உணர்திறன் அதிகமுள்ளது இயல்பாகவே உரக்க ஒலிக்கும். ஒரு டெசிபல் உரக்க ஒலிப்பதை நம் காது ‘உரக்க’ என்று சொல்லாமல் ‘தெளிவு’, ‘உயிர்ப்பு’ என்று எடுத்துக்கொள்ளும். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. செல்பேசியில் ஒலியளவு காட்டும் செயலி ஒன்றை வைத்துக்கொண்டு, நீங்கள் உட்காரும் இடத்திலேயே அதைப் பிடித்து, பிங்க் நாய்ஸ் எனப்படும் இரைச்சலை இரண்டிலும் ஓடவிட்டு, எண் ஒன்றாகும்வரை வால்யூமைச் சரிசெய்யுங்கள். செயலி காட்டும் எண் துல்லியமாக இல்லாவிட்டாலும் ஒப்பிடுவதற்கு அது போதும்.

அடுத்து, ஒரே ஒரு ஸ்பீக்கரை மட்டும் ஓடவிட்டுக் கேளுங்கள். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்திலும் பின்னர் ஹார்மன் நிறுவனத்திலும் இத்துறையில் நெடுங்காலம் உழைத்த ஃபிளாய்ட் டூல் கண்ட முக்கிய உண்மைகளில் இது ஒன்று: இரண்டு ஸ்பீக்கர்களும் சேர்ந்து ஒலிக்கும்போது அந்த விரிவில் மயங்கி நாம் கவனிக்காமல் விடும் குறைகள், ஒன்று தனியாக ஒலிக்கும்போது வெளிப்பட்டுவிடும். அவரும் சக ஆய்வாளர் ஷான் ஆலிவும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், கேட்பவர்கள் ஸ்பீக்கர்களைக் கண்ணால் பார்த்தபோது பெரிய, விலையுயர்ந்த பெட்டிகளுக்குக் கூடுதல் மதிப்பெண் போட்டார்கள். திரைக்குப் பின்னால் வைத்தபோது அந்த முன்னிலை சுருங்கியது. கடையில் திரை கட்டச் சொல்ல முடியாது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு, எது ஓடுகிறது என்று சொல்லாமல் மாற்றும்படி உடன் வந்தவரைக் கேட்டுக்கொள்ளலாம்.

போட்டுக் கேட்க வேண்டியது கடைக்காரரின் பாட்டு அன்று, பல ஆண்டுகளாக உங்கள் காதில் தங்கிவிட்ட பாட்டு. வெறும் தம்பூரா சுருதி ஓடும் ஒலிப்பதிவு ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். தம்பூராத் தந்திக்கு அடியில் வைக்கும் ஜீவாளி நூலால் எழும் மேற்சுரங்கள் ஒரு கொத்தாக, தொடர்ச்சி அறுபடாமல் வர வேண்டும். ஒரு சுரம் மட்டும் துருத்திக்கொண்டு வெளியே வந்தால் ஸ்பீக்கரில் அந்த இடத்தில் ஒரு மேடு இருக்கிறது. ஆண் குரலில் ஒரு செய்தி வாசிப்பையும் கேளுங்கள். மனிதர் ஒரு பெட்டிக்குள்ளிருந்து பேசுவதுபோல இருந்தால், அந்த ஸ்பீக்கரை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். இவ்வளவையும் கடையிலேயே கேட்டுத் தீர்மானிக்கலாம். பாஸைப் பற்றிய முடிவை மட்டும் உங்கள் வீட்டில் கேட்டுப் பார்க்கும்வரை ஒத்திவையுங்கள். வீட்டில் வைத்துப் பார்த்துத் திருப்பித் தரும் வசதி கொடுக்கும் கடைக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுப்பதில் தவறில்லை.

கேள்வி: என் ஸ்பீக்கரில் பின்புறம் நான்கு முனைகள் உள்ளன. ட்வீட்டருக்கும் வூஃபருக்கும் தனித்தனியாக இரட்டை வயர் இழுத்தால் ஒலி மேம்படுமா? (சேலம் வாசகர்)

பதில்: மேம்படாது. முனைகளை இணைக்கும் உலோகப் பட்டையை அப்படியே விட்டுவிட்டு, ஒற்றை இணைப்பாகவே கொடுங்கள். 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் பத்து மீட்டர் வரை பெரும்பாலான வீட்டு ஸ்பீக்கர்களுக்குப் போதும்.

கேள்வி: இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு ஜோடி டவர் ஸ்பீக்கர் நல்ல விலையில் கிடைக்கிறது. வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்? (நாகப்பட்டினம் வாசகர்)

பதில்: முன்புற வலைத்துணியைக் கழற்றச் சொல்லி, வூஃபர் கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தைப் பாருங்கள். அது ரப்பராக இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. நுரையாக இருந்தால், விரல் நுனியால் மெல்ல ஒற்றிப் பாருங்கள். விரலில் கறுப்பாக ஈரப்பிசுக்கோடு துகள் ஒட்டிக்கொண்டால் அந்த நுரை உளுத்துவிட்டது. கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் இது விரைவாகவே நிகழும். பிறகு இரு கை விரல்களையும் கூம்பின் எதிரெதிர் ஓரங்களில் சமமாக வைத்து மெதுவாக அழுத்துங்கள். உள்ளே சுரண்டும் ஓசை கேட்டால் சுருள் காந்தத்தில் உராய்கிறது, அதை வாங்க வேண்டாம். அடுத்ததாக ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் காதைக் கிட்டக் கொண்டுபோய் ட்வீட்டர் ஒலிக்கிறதா என்று தனித்தனியாகச் சோதியுங்கள். பழைய ஸ்பீக்கர்களில் ட்வீட்டர் எரிந்துபோயிருப்பதும், வூஃபர் ஒலியின் மறைவில் அது தெரியாமலே இருப்பதும் சாதாரணம்.

நுரை மட்டும்தான் போயிருக்கிறது, மற்றதெல்லாம் சரி என்றால் தயங்காமல் விலை பேசலாம்; நுரை வளையம் மாற்றித் தரும் கைதேர்ந்தவர்கள் பெரிய ஊர்களில் இருக்கிறார்கள். நீடித்து உழைக்கும் என்று சொல்லி ரப்பர் வளையம் போட அவர்கள் முன்வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நுரையின் நெகிழ்வையும் எடையையும் கணக்கில் வைத்துத்தான் அந்தப் பெட்டியின் கொள்ளளவை வடிவமைத்திருப்பார்கள். அதே அளவுள்ள நுரை வளையத்தையே இரண்டு ஸ்பீக்கர்களிலும் ஒரே நேரத்தில் மாற்றச் சொல்லுங்கள்.