பெண்ணுக்குக் குதிரை வாங்கக் கடன் எடுக்கலாமா?

கேள்வி: டெக்சஸில் வெதர்ஃபோர்டு பக்கம் வசிக்கிறோம். 12 வயது மகள் குதிரையேற்றம் கற்கிறாள், சொந்தக் குதிரை கேட்கிறாள். பக்கத்துப் பண்ணையில் குவார்ட்டர் என்ற அமெரிக்க இனத்தைச் சேர்ந்த 5 வயதுப் பெண் குதிரை 9,000 டாலருக்கு வருகிறது. கட்டிங் போட்டிக் (மந்தையிலிருந்து ஒரு மாட்டைப் பிரித்து நிறுத்தும் போட்டி) குதிரைகளின் வம்சமாம். குட்டி விற்றே போட்ட பணத்தை எடுத்துவிடலாம், செலவை வரியிலும் கழிக்கலாம் என்கிறார் விற்பவர். வேறோர் இடத்தில் 13 வயது, காயடித்த ஆண் குதிரை 14,000 டாலர். எங்களுக்கு மாதம் 1,400 மிஞ்சும். அவசரச் சேமிப்பு 22,000, நான்கு மாதச் செலவுக்கு வரும். 5 வருடக் கடனில் பெண் குதிரையை வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கடனும் வேண்டாம், அந்தக் குதிரையும் வேண்டாம்.

நீங்கள் விலையை மட்டும் ஒப்பிடுகிறீர்கள். குதிரை 25 வருடம்கூட இருக்கும். தினமும் உடல் எடையில் 2 சதவீதம் வரை காய்ந்த புல் தின்னும், அதாவது 500 கிலோ குதிரைக்கு 10 கிலோ. 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவி லாடம் பார்க்க வேண்டும். அப்புறம் தடுப்பூசி, பல் ராவுவது, குடற்புழு மருந்து. சொந்த நிலம் இல்லாவிட்டால் லாய வாடகையும் சேரும். எல்லாமாக மாதம் 1,000 டாலர் வைத்துக்கொள்ளுங்கள். 11 சதவீத வட்டியில் கடன் தவணை ஏறக்குறைய 196. கையில் நிற்பது 200 சொச்சம். குதிரைக்குக் குடல் முறுக்கி ராத்திரியோடு ராத்திரியாக அறுவைச் சிகிச்சை என்றால் 10,000 டாலர் சாதாரணமாக ஆகும்.

குட்டிக் கணக்கை நம்பாதீர்கள். பொலிகுதிரைக் கட்டணம், 11 மாதச் சினை, பிறந்த குட்டியை இரண்டு வயதுவரை வளர்ப்பது, பிறகு பழக்குபவருக்கு மாதச் சம்பளம். இத்தனையும் போட்ட பிறகுதான் விலை பேசவே முடியும். கட்டிங் வம்சத்தில் ஹெர்டா என்ற மரபு நோயும் உண்டு. தாய், தகப்பன் இரண்டும் அந்த மரபணுவைச் சுமந்தால் நான்கில் ஒரு குட்டிக்கு வர வாய்ப்பு. பெரும்பாலும் சேணம் போட ஆரம்பிக்கும்போதுதான் தெரியவரும்: சேணம் உரசிய இடத்தில் தோல் பிய்ந்து வரும். அதற்கு மருந்து கிடையாது. வரிச் சலுகையும் லாப நோக்கத்தோடு தொழிலாக நடத்துபவர்களுக்குத்தான். மகள் சவாரி செய்யும் குதிரைக்குப் பொருந்தாது.

13 வயதுக் குதிரையின் விலை எனக்கு உறுத்தவில்லை. பிள்ளை ஏறும் குதிரைக்கு நிதானம்தான் முதல் தகுதி. அந்த நிதானத்துக்குக் காசு கொடுக்கலாம். ஆனால் இன்றைக்குச் சேமிப்பிலிருந்து 14,000 எடுத்தால் மிஞ்சுவது 8,000, ஒன்றரை மாதச் செலவுக்குத்தான் காணும்.

அதனால் முதலில் ஒரு குதிரையைப் பாதிக் குத்தகைக்கு எடுங்கள். வாரத்தில் சில நாள் அது உங்கள் மகளுடையது, செலவில் பங்கு மட்டும் கொடுப்பீர்கள். அதற்கு மாதம் 350 ஆனால் மீதி 1,050-ஐத் தனிக் கணக்கில் போடுங்கள். 18 மாதத்தில் 18,900 சேரும், சேமிப்பைத் தொடாமலே நல்ல குதிரை வாங்கலாம். ஆகஸ்ட் வெயிலிலும் அவள் லாயத்துக்குப் போகிறாளா என்பதும் அதற்குள் தெரிந்துவிடும். போனால் தயங்காமல் வாங்கிக் கொடுங்கள், அந்தப் பெண்ணுக்கு அது கிடைக்க வேண்டும்.

வாங்கும்போது விற்பவரின் மருத்துவர் வேண்டாம், நீங்களே ஒருவரை அமர்த்துங்கள். காலை மடக்கிச் சிறிது நேரம் பிடித்திருந்து, விட்டவுடன் ஓடவிட்டுப் பார்ப்பார்; மறைந்திருக்கும் நொண்டல் அதில் வெளிப்படும். மயக்க மருந்தோ வலி மருந்தோ கொடுத்திருக்கிறார்களா என்று பார்க்க ரத்தமும் எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொன்ன நேரத்துக்கு முன்பே போய், சேணம் போடுவதையும் பாருங்கள். அமரில்லோவில் இருக்கும் அமெரிக்கக் குவார்ட்டர் குதிரைச் சங்கத்தின் பதிவுச் சான்றும், விற்பவர் கையெழுத்திட்ட உரிமை மாற்றப் படிவமும் கைக்கு வந்த பிறகே காசோலையைக் கொடுங்கள்.