மாத்திரையும் எடையும் – கடிதம்

வணக்கம் சார்,

என் தம்பிக்கு 24 வயது. தேசிய சேவை முடித்துச் சில மாதங்களில் யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதுபோல் குரல் கேட்க ஆரம்பித்தது. ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய் என்றார்கள். ஒலன்சபைன் மாத்திரை சாப்பிடுகிறான். குரல் அடங்கிவிட்டது, தூங்குகிறான், எங்களோடு சிரித்துப் பேசுகிறான். ஆனால் எட்டு மாதத்தில் 62 கிலோ 81 ஆகிவிட்டது. உயரம் 170 செ.மீ. போன மாதம் ஒரு கல்யாணத்தில் சித்தி எல்லார் முன்னாலும், "ஆர்மியில ஓடின ஓட்டமெல்லாம் எங்கடா போச்சு? வீட்ல உக்காந்து தின்னா இப்படித்தான்" என்றார். அன்றிரவு அவன் சாப்பிடவே இல்லை. போன வாரம் துணி துவைக்கும்போது அவன் கால்சட்டைப் பையில் டிஷ்யூவில் சுற்றிய நாலு மாத்திரை கிடைத்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. கட்டுப்பாடு இல்லாமல் சாப்பிடுவதுதான் காரணமா? மாத்திரையை நிறுத்தினால் உடம்பு இறங்குமா?

ஒரு வாசகி, ஈசூன்

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்த நாலு மாத்திரை. அம்மாவிடம் சொல்வது உங்கள் விருப்பம், மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம், நாளைக்கே கிளினிக்குக்குப் போன் செய்யுங்கள். தானாக நிறுத்தினால் எடை இறங்குவதற்கு முன்னாலேயே குரல் திரும்பி வந்துவிடலாம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். தம்பி அதிகமாகச் சாப்பிடுகிறான் என்பது உண்மையாகவே இருக்கட்டும். பசிக்கிறது, சாப்பிடுகிறான். குரலை அடக்க ஒலன்சபைன் மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தின் வேலையைத் தடுக்கிறது, ஆனால் அதோடு நிற்பதில்லை. ஹிஸ்டமின், செரடோனின் என்ற வேறு இரண்டு ரசாயனங்கள் போய் ஒட்டுகிற சில இடங்களையும் அடைத்துவிடுகிறது. வயிறு நிறைந்தது, போதும் என்று மூளைக்குத் தெரிவதில் அந்த இடங்களுக்குப் பங்கு உண்டு. அலர்ஜிக்குப் போடும் பழைய மாத்திரைகள் சில தூக்கத்தையும் பசியையும் ஒன்றாகக் கொண்டுவருவதும் இதே ஹிஸ்டமின் வழியாகத்தான். இந்த வகை மாத்திரைகளில், எடை ஏற்றுவதில் குளோசபைனும் ஒலன்சபைனும் முன்வரிசையில் இருக்கின்றன. அதிலும், முதல்முறை மருந்து எடுக்கும் இளவயதினருக்கு முதல் சில மாதங்களில் ஏறும் வேகம் அதிகம்.

இதெல்லாம் தெரியாத காலத்தில் என் அண்ணனுக்கு நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். 2003ல் அவர் இதே மாத்திரையை ஆரம்பித்தார். அப்போது தோ பாயோவில் மூவறை வீடு. ராத்திரி இரண்டு மணிக்கு பிரிட்ஜ் திறக்கும் சத்தம் கேட்கும். விளக்கைப் போடாமல் அந்த வெளிச்சத்திலேயே நின்றபடி, மீந்த சோற்றைக் குழம்புகூட ஊற்றாமல் அள்ளி அள்ளிச் சாப்பிடுவார். அம்மா சட்டியை ஒளித்து வைக்க ஆரம்பித்தார். நான் அவருக்கு அப்பளத்தை எண்ணிப் போட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

அண்ணனிடம் பழுப்பு நிறத்தில் ஒரே ஒரு தோல் பெல்ட் இருந்தது. கொக்கி அழுந்திய இடத்திலெல்லாம் மடிப்புக் கோடு. முதல் கோடு ஆழமானது, பல வருஷத்துக் கோடு. அடுத்த மூன்றும் ஒரே வருஷத்தில் விழுந்தவை. அப்புறம் துளை தீர்ந்துபோய் பெல்ட் கதவாணியில் தொங்கியது. கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் குரல் கேட்கிறதா, தூக்கம் வருகிறதா என்று கேட்டார்கள். எடை பார்த்ததாக எனக்கு நினைவில்லை. நாங்களும் வாய் திறக்கவில்லை. குரல் நின்றதே பெரிசு, தொப்பையைப் போய் டாக்டரிடம் சொல்வதா என்று கூச்சம். இரண்டு வருஷம் கழித்து வேறு எதற்கோ ரத்தம் எடுத்தபோதுதான் சர்க்கரை என்று தெரிந்தது.

நீங்கள் அந்தக் கூச்சத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்லத்தான் இவ்வளவும். எடை ஏறுவது மருந்தின் பக்க விளைவு. கை நடுங்கினால் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே இதையும் எண்ணோடு சொல்ல வேண்டும். அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் மனநல மருத்துவர் சங்கமும் சேர்ந்து 2004லேயே இதற்கு வழிமுறை எழுதிவைத்தார்கள்: மருந்து ஆரம்பிக்கும்போது எடை பார்க்க வேண்டும், பிறகு 4, 8, 12 வாரங்களில், அதற்கப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றுக்கும் இப்படிக் கணக்கு உண்டு. ஆரம்ப எடையில் 5 சதவீதம் ஏறினாலே மருந்தை மாற்றலாமா என்று யோசிக்கச் சொன்னார்கள். உங்கள் தம்பிக்கு 5 சதவீதம் என்பது 3 கிலோதான், அவன் 19 ஏறியிருக்கிறான். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் உடல் எடைக் குறியீடு (பிஎம்ஐ) 28. சிங்கப்பூரில் 27.5ஐத் தாண்டினாலே அதிக ஆபத்து என்றுதான் கணக்கு.

மருந்தை மாற்றச் சொல்லிக் கேட்கலாம். அரிபிபிரசோல், லுராசிடோன் போன்றவை எடையை அவ்வளவாக ஏற்றுவதில்லை. ஆனால் சட்டை மாற்றுவதுபோல மாற்றிவிட முடியாது. 2005ல் அமெரிக்காவில் ஏறக்குறைய 1,500 பேரை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வு வெளியானது. ஒலன்சபைன் எடுத்தவர்களுக்கு மாதத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறியது. அதே ஆய்வில் நோயாளிகள் பாதியில் விடாமல் அதிக நாள் எடுத்துக்கொண்டதும் ஒலன்சபைனைத்தான். மருத்துவருடைய சங்கடம் இதுதான், தம்பிக்குக் குரல் அடங்கியிருக்கிறது அல்லவா? அப்படி மாற்ற வேண்டாம் என்று அவர் முடிவு செய்தால், மெட்ஃபார்மின் சேர்க்கலாமா என்று கேளுங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் சர்க்கரைக்குப் போடுகிற அதே மெட்ஃபார்மின்தான். சராசரியாக மூன்று கிலோ அளவுக்கு உதவுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. 19 கிலோவையும் இறக்கிவிடாது, ஆனால் மேலும் ஏறாமல் பிடித்துவைக்க உதவும்.

வீட்டில் சட்டியை ஒளிக்காதீர்கள். முதலில் பானத்தைக் கவனியுங்கள். இந்த மாத்திரை வாயை உலர்த்தும், தாகம் எடுக்கும், புளோக்குக்குக் கீழேயே பான இயந்திரம் நிற்கும். அண்ணன் ஒரு நாளைக்கு நாலு டின் குடிப்பார், அதை நாங்கள் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கவே இல்லை. இப்போது டின்னிலேயே சர்க்கரையைப் பார்த்து ஏ, பி, சி, டி என்று தரம் போட்டிருக்கிறது, கடைசித் தரமான டி போட்டது வீட்டுக்குள் வர வேண்டாம். காப்பிக்கடையில் கோப்பி ஓ கொசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பி) சொல்லப் பழகினால் அதுவே பெரிய வேலை.

சித்தியைப் பற்றி என்ன சொல்ல. ஸ்டீராய்டு சாப்பிட்டு முகம் வீங்கினவரைப் பார்த்தால், 'பாவம், மாத்திரையால வந்தது' என்று உச்சுக்கொட்டுவோம். மனநல மாத்திரை என்றால் மட்டும் ஒழுக்கப் பாடம் எடுப்போம். உட்பிரிட்ஜ் மருத்துவமனை 1993லேயே புவாங்கோக்கில் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது, இப்போது அதற்கு மனநலக் கழகம் என்று பெயர். நம் ஆட்கள் வாயில் பழைய பெயர் இன்னும் வசவாகத்தான் வருகிறது. சித்தியிடம் தம்பியின் நோயைச் சொல்ல வேண்டியதில்லை. 'டாக்டர் கொடுத்த மாத்திரையால வந்த உடம்பு சித்தி, அதைப் பத்திப் பேச வேணாம்' என்று நீங்களே, அவன் காதில் விழும்படி சொல்லுங்கள்.

அண்ணனுக்குப் பிற்பாடு மருந்தை மாற்றினார்கள். ஒன்பது கிலோ இறங்கியது, மீதி இறங்கவில்லை. சர்க்கரை மாத்திரையும் நிரந்தரமாகிவிட்டது. இப்போது தினமும் சாயங்காலம் காலாங் ஆற்றோரம் நடக்கிறார், கூட நான் போனால் வேகம் போதாது என்று என்னைத் திட்டுகிறார்.

தம்பியிடம் அந்த டிஷ்யூ பொட்டலத்தைப் பற்றிப் பேசும்போது அம்மா வீட்டில் இல்லாத நேரமாகப் பாருங்கள். ஏன் ஒளித்தாய் என்று ஆரம்பிக்க வேண்டாம். மாத்திரை போட்டு எவ்வளவு நேரத்தில் பசிக்கிறது, ராத்திரி எழுப்புகிறதா என்று கேட்டு, அவன் சொல்வதைத் தேதியோடும் எடையோடும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் அந்தத் தாளை அவனே கொடுக்கட்டும்.

அன்புடன்